கொட்டில் குறூப்

எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு ஒரு நண்டுக்கொட்டில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து மயிலிட்டித் துறைமுகத்தில், ஐஸ் அறைக்கும் ஏலம் கூறுகிற இடத்துக்கும் நடுவில். வள்ளங்களில் வருகிற நண்டை அங்கே கொண்டுவந்து, தரம் பிரித்து, நிறுத்து, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடுக்கி, லேபல் ஒட்டி, கொழும்பு லொறியில் ஏற்ற வேண்டும். செய்கிறவர்கள் முழுக்கப் பெண்கள். நானும் ஒருத்தி. பெயர் இராசமலர். கொட்டிலில் மலரக்கா.

நின்று பார்க்கிறவர்களுக்கு நண்டு வேலை கை வேலை. செய்கிறவளுக்கு முழங்கால் வேலை, இடுப்பு வேலை. விடியத் தொடங்கினால் மத்தியானம் வரை குந்தியிருக்க வேண்டும், பிறகு பொழுதுபடும் வரை தூக்க வேண்டும். ஐஸ் தண்ணீரில் விரல் வெளுத்துப்போகும், நண்டு கடித்தாலும் உடனே தெரியாது. இதைச் சொல்லி அழ வரவில்லை. அன்றைக்கு நான் என்ன களைப்போடு நின்றேன் என்று தெரிந்தால்தான், சங்கக் கந்தோரில், அலுவலக மேசையில் ஒரு பெட்டி நண்டைத் தூக்கி ஏன் வைத்தேன் என்று உங்களுக்கு விளங்கும்.

லேபலில் இருந்து தொடங்குகிறேன். கொழும்பில் எங்களிடம் வாங்குகிற கொம்பனிக்குப் பெட்டிக்குப் பெட்டி லேபல் வேண்டும். எந்த வள்ளம், எந்தத் தரம், எத்தனை கிலோ, ஆர் அடைத்தது. முன்பு நாங்கள் துண்டில் எழுதிக் கந்தோருக்கு அனுப்புவோம், கந்தோரில் அடித்து அனுப்புவார்கள். போன மாரிகாலத்தில் எங்கள் கொட்டில் நண்டு இரண்டு மூன்று முறை தியாகலிங்கத்தின் பெயரில் கொழும்புக்குப் போய்விட்டது. தியாகலிங்கம் என்றால் கரையில் நண்டு எடுக்கிற முதலாளி. கேட்டால், பிழையாக அடிபட்டுப் போச்சாம். நல்ல நண்டு எல்லாம் அவர் பக்கம் பிழைபட்டது. அவருடைய மெலிந்த நண்டு ஒன்றுகூட எங்கள் பக்கம் பிழைபடவில்லை.

அதனால் பொதுக்கூட்டத்தில் எழும்பினேன். எழும்பினவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“லேபலை நாங்களே அடிக்கிறம். கொட்டிலிலை கொம்பியூட்டர் கிடக்குது, பிறின்ரர் கிடக்குது. எழுத விடுங்கோ.”

தலைவர் தம்பிராசா அண்ணை நல்ல மனுசன், ஆனால் இரண்டு பக்கமும் தலை ஆட்டுவார். அன்றைக்கும் ஆட்டினார். ஆட்டி ஆட்டிக் கடைசியில் ஒரு முடிவு வந்தது. வருகிற கிழமை ஒரு லொறிக்கு முழு வேலையும் கொட்டில் பெண்கள் செய்ய வேண்டும். லேபல் கொட்டில் மிசினிலேயே அடிபட வேண்டும். லொறி குறித்த நேரத்துக்குப் போனால் கொட்டில் எங்கள் பொறுப்பு. போகாவிட்டால் தியாகலிங்கம் எடுத்து நடத்துவார், நாங்கள் அவரிடம் கூலிக்கு நிற்கலாம்.

“சம்மதமே?” என்று கேட்டார் தலைவர்.

“சம்மதம்,” என்றேன். எனக்கு ஒரு துளி பயமும் இல்லை. நண்டைப் பற்றி எனக்குத் தெரியும், என்னுடைய பெண்களைப் பற்றியும் தெரியும். கொம்பியூட்டருக்குச் சிவரூபன் இருக்கிறான்.

சிவரூபன் எங்கள் சங்கத்துக்கும் இன்னும் நாலைந்து சங்கங்களுக்கும் கொம்பியூட்டர் பார்க்கிற பெடியன். கந்தோரில் ஒரு பெரிய மிசின் இருக்கிறது. அதற்குள்தான் சங்கத்தின் போல்டர் எல்லாம். மற்ற மிசின்கள் வயர் வழியாக அதைத் திறக்கும். அவன் அந்த மிசின்களை மூன்று குறூப்பாகப் பிரித்து வைத்திருந்தான். கந்தோர் ஒன்று, ஏலக் கரை ஒன்று, எங்கள் கொட்டில் ஒன்று. எந்தக் குறூப் எந்தப் போல்டரைப் பார்க்கலாம், எந்தக் குறூப் அதில் எழுதலாம் என்று பெரிய மிசினில் சரி அடையாளம் போட்டு வைப்பான். சரி போடாத குறூப்புக்கு அது திறக்காது.

எனக்கு அவன் விளங்கப்படுத்தினபோது நான் சொன்னேன், “ஏலம் மாதிரிச் சொல்லு. ஏலத்தை ஆரும் நிண்டு பாக்கலாம். விலை கேக்கிறதுக்கு எல்லாருக்கும் வாய் இல்லை.”

“அதேதான் அக்கா. ஆனால் ஒண்டு. உரிமை ஆளுக்கில்லை, மிசினுக்கு. கொட்டில் மிசினுக்கு முன்னாலை ஆர் இருந்தாலும் அவை கொட்டில்.”

“நல்லது. அப்ப கதிரையைப் பிடிச்சால் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்.”

அவன் சிரித்துவிட்டு லேபல் போல்டரைக் கொட்டில் குறூப்புக்குத் திறந்துவிட்டுப் போனான்.

குறித்த நாள் வந்தது. நல்ல கடல். நண்டும் நல்ல நண்டு, கையில் எடுத்தால் பாரம் தெரிகிற நண்டு. மத்தியானத்துக்கு முதலே தரம் பிரித்து, நிறுத்து, அரைவாசிப் பெட்டி அடைத்துவிட்டோம். லொறிக்காரன் றோய் வந்து லொறியைப் பின்னுக்கு எடுத்து வாசலில் விட்டான். அவன் நேரத்துக்கு வெளிக்கிடாவிட்டால் அந்தப்பக்கம் கொம்பனி நண்டை எடுக்காது, அது அவர்களுடைய சட்டம்.

கொட்டில் மிசினில் இருந்தது ஜெயனி. எங்களில் படித்தவள் அவள்தான், உயர்தரம் வரை படித்தவள். முதல் வள்ளத்து நிறையை அடித்துவிட்டுக் கத்தினாள்.

“மலரக்கா! திறக்குது, காட்டுது. எழுத விடுதில்லை!”

போய்ப் பார்த்தேன். திரையில் சிவப்பில் ஒரு பெருக்கல் அடையாளம். நான் நாற்பது தாண்டித்தான் எழுத்துக் கூட்டப் பழகினவள். தமிழ் இப்போது தடையில்லாமல் ஓடும். ஆங்கில எழுத்து எனக்கு இன்னும் நண்டு நடந்த மணல்தான். ஆனால் சிவப்புப் பெருக்கலுக்கு மொழி தேவையில்லை.

“பாக்க விட்டிருக்கிறான், எழுத விட மறந்திட்டான்,” என்றாள் ஜெயனி.

சிவரூபனுக்குப் போன் எடுத்தோம். அவன் அன்றைக்குக் கொடிகாமத்தில், மரக்கறிச் சங்கம் ஒன்றில் மிசின் பொருத்திக்கொண்டு நின்றான். பின்னால் சந்தை இரைச்சல்.

“ஐயோ அக்கா, என்ரை பிழை. உதைக் கந்தோர்ப் பெரிய மிசினிலைதான் செய்யலாம். நிரோஜாட்டைப் போங்கோ, நான் போனிலை சொல்லுறன்.”

நிரோஜா கந்தோரில் எழுதுவினைஞர். திருச்சிப் பக்கம் அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, தாய் தகப்பனோடு ஊருக்குத் திரும்பி வந்த பிள்ளை. கதை இன்னும் அந்தப் பக்கத்துக் கதைதான். நாங்கள் ‘அண்ணை’ என்கிறதை அவள் ‘அண்ணா’ என்று கூப்பிட்டால் கரையில் நிற்கிற பெடியள் எல்லாரும் ‘என்ன தங்கச்சி’ என்று பகிடிக்குத் திரும்புவார்கள். அவள் விடமாட்டாள். ‘உங்கள இல்ல, அண்ணைங்களக் கூப்பிட்டேன்’ என்பாள்.

நான் ஈரச் செருப்போடு கந்தோருக்குள் போனேன். தலைவர் தம்பிராசா அண்ணை மின்விசிறிக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். நிரோஜா போனை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி விட்டாள்.

“தங்கச்சி, லேபல் போல்டரிலை உரிமை இருக்கிற இடத்தைத் திற,” என்றான் சிவரூபன். “கொட்டில் எண்டு ஒரு குறூப் நிக்கும். அதை எடுத்துப்போட்டுத் திரும்பப் போடு. போடேக்கை எழுதலாம் எண்ட பெட்டியிலையும் சரி போடு. அவ்வளவுதான்.”

“எடுத்துட்டேன் அண்ணா.”

அந்த நேரம் கொட்டிலில் இருந்து ஜெயனி ஓடி வந்தாள். “அக்கா, இப்ப பாக்கவும் விடுதில்லை! போல்டரே பூட்டு!”

“பொறு பிள்ளை,” என்றேன். “திரும்பப் போடப் போகினம்.”

நிரோஜா அடித்தாள். அடித்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். மறுபடி அடித்தாள்.

“அண்ணா, கொட்டில்-னு அடிச்சேன். அப்படி ஒரு குரூப்பே இல்லைங்குது.”

“இருக்குது. நான்தானே செய்தனான். ஆங்கிலத்திலை வடிவா அடி. கே, ஓ, அதுக்குப் பேந்து ரெண்டு டீ.”

“ரெண்டு டீயா?”

“ஓம், ரெண்டு டீ. பேந்து ஐ, எல்.”

தலைவர் கண்ணைத் திறந்தார். “ஆர் தேத்தண்ணி சொன்னது? எனக்குச் சீனி குறைய.”

“அது எழுத்து தலைவர்,” என்றேன்.

“அடிச்சேன் அண்ணா. இல்லைங்குது. டீக்கடை டீதான?”

சந்தையில் ஆரோ வெங்காயத்துக்குக் கத்தினார்கள். போனில் பாதி வெங்காயமாக வந்தது.

“என்ன? ஓம் ஓம், டீ! டீதான். ரீ இல்லை!”

“ரீ நான் போடவே இல்லையே அண்ணா!”

“அப்ப ஏன் வருகுதில்லை… தங்கச்சி, அவசரமெண்டால் எல்லாரும் எண்டு ஒரு குறூப் இருக்கு, அது எந்த மிசினுக்கும்… அக்காட்டைக் கேளும், அவ சம்மதிச்சால்… நான் வெளிக்கிட்டு வாறன், பஸ்—”

போன் செத்துப்போனது. அவனுடைய போன் எப்போதும் பாதிக் கதையில் செத்துப்போகும். மற்றவர்களுடைய மிசினுக்கு எல்லாம் உயிர் கொடுக்கிறவன், தன் போனுக்குக் கரண்ட் கொடுக்கமாட்டான். கொடிகாமத்தில் இருந்து அவன் பஸ் பிடித்து வருகிற நேரத்துக்கு லொறி இங்கே நிற்காது.

கரையில் றோய் ஹோன் அடித்தான். ஒருதரம்தான். மரியாதையாக.

நிரோஜாவின் முகம் அழப்போகிற முகமாக இருந்தது. “அக்கா, கந்தோர் மிஷின்ல இருந்து நான் அடிச்சுத் தந்துரட்டுமா? இந்த மிஷினுக்கு எழுத உரிமை இருக்கு.”

நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் மின்விசிறியைப் பார்த்தார்.

“அது… கூட்டத்திலை தீர்மானம் கொட்டில் மிசினிலை எண்டுதானே, மலர். இஞ்சை அடிச்சால் அது கந்தோர் லேபல் ஆயிடும். பேந்து ஆக்கள் கதைப்பினம்.”

“கதைக்கிற ஆள் ஆர் எண்டு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்,” என்றேன்.

அந்த ஆள் வாசலில்தான் நின்றார். தியாகலிங்கம் எப்போது வந்தார் என்று தெரியாது. வெள்ளைச் சேட்டு, மினுக்கின சப்பாத்து. கரை மணலில் நடந்தும் அந்தச் சப்பாத்தில் மணல் ஒட்டாது, அது என்ன வித்தையோ.

“என்ன மலர், பெட்டி அடைச்சாச்சு, பூட்டுத் திறக்கேல்லையாம்?” என்று சிரித்தார். “பொம்பிளையளைக் கஷ்டப்படுத்தக் கூடாது. உந்தப் பெடியன் சொன்னது எனக்கும் கேட்டது. எல்லாரும் எண்டு ஒரு குறூப் இருக்காம். பிள்ளை, அதுக்குச் சரியைப் போட்டு விடு. எல்லாரும் எண்டால் அதுக்கை கொட்டிலும் வருந்தானே? லொறியும் போகும். மலரும் வெல்லும். எனக்கும் சந்தோசம்.”

தலைவருக்கு உயிர் வந்தது. “நல்ல யோசனை. எல்லாரும் எண்டு போட்டால் ஒருத்தரும் குறை சொல்லேலாது.”

நிரோஜா என்னைப் பார்த்தாள். கை கொம்பியூட்டர் எலியில் இருந்தது. ஒரு அமத்து, அவ்வளவுதான். கொட்டில் திறக்கும், லேபல் வரும், லொறி போகும், கொட்டில் எங்களுக்கு. என்னுடைய முழங்கால் ‘ஓம் எண்டு சொல்லு’ என்றது. இடுப்பும் அதையேதான் சொன்னது.

நான் கேட்டேன், “பிள்ளை, எல்லாரும் எண்டால் அதுக்கை ஏலக் கரை மிசினும் வருமோ?”

“வரும் அக்கா. எல்லா மிஷினும்.”

“பாக்கலாமோ, எழுதவும் ஏலுமோ?”

“எழுதவும் முடியும். அழிக்கவும்.”

ஏலக் கரை மிசின் ஆருடைய கணக்கப்பிள்ளைக்கு முன்னால் இருக்கிறது என்று கந்தோரில் நின்ற எல்லாருக்கும் தெரியும். சப்பாத்துக்குள் நின்றவருக்கு நல்லாகவே தெரியும்.

“அப்ப வேண்டாம்,” என்றேன்.

“ஏன் மலர்?” என்றார் தலைவர். “இண்டைக்கு மட்டும். நாளைக்குச் சிவரூபன் வந்து பூட்டட்டும்.”

“தலைவர், நாங்கள் கேட்டது எங்கடை நண்டு எங்கடை பேரிலை போகவேணும் எண்டு. எல்லாருக்கும் திறந்து விட்டால் இண்டைக்கு லொறி போகும். எந்தப் பேரிலை போகுதெண்டு ஆருக்குத் தெரியும்? போன மாரி மாதிரிப் பிழைபடும்.”

“உங்கை ஆர் பிழை விட்டது?” தியாகலிங்கத்தின் குரல் உயர்ந்தது.

“ஆர் விட்டதெண்டு நான் சொன்னனானே? பிழை தானாப் போச்சு எண்டு நீங்கள்தானே சொன்னியள். தானாப் போறது திரும்பவும் தானாப் போகும். அதுக்குத்தான் கதவைச் சாத்துறம்.”

“அப்ப லொறி போகாது.”

“போகும்.”

எப்படிப் போகும் என்று எனக்கு அந்த நேரம் தெரியாது. ஆனால் போகும் என்று தெரியும். சொன்ன வார்த்தையைக் கேட்டு எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

றோய் இரண்டாம் தரம் ஹோன் அடித்தான். இது மரியாதை குறைந்தது.

நான் வெளியே போனேன். கொட்டில் வாசலில் அடைத்த பெட்டிகள் அடுக்கியிருந்தன. பெண்கள் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேல் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தேன். ஐஸ் தண்ணீர் முதுகில் வழிந்தது. அப்படியே கந்தோருக்குள் போய், நிரோஜாவின் மேசையில், கொம்பியூட்டருக்குப் பக்கத்தில், தொம் என்று வைத்தேன்.

“மலர்! தரை ரைல்ஸ் நனையுது!” என்றார் தலைவர்.

“இந்தா பிள்ளை,” என்றேன் நிரோஜாவுக்கு. “இதுக்கு நீயே சொல்லு, குறூப் இல்லையாம், பேர் வருகுதில்லையாம் எண்டு. விளங்கினால் பொறுத்திருக்கட்டும். நான் சொன்னால் கேக்குதில்லை, கெட்டு மணக்கப் பாக்குது.”

அவளைத் திட்டவில்லை. ஆரையாவது திட்டவேண்டும் போல இருந்தது, நண்டைத் திட்டினேன். பெட்டியில் இருந்து தண்ணீர் மேசையில் ஓடி, கடுதாசிகளுக்கு அடியில் போய், தலைவரின் காலடிக்கு இறங்கியது. உள்ளே ஒரு நண்டு காலை உதறிச் சத்தம் போட்டது.

நிரோஜா கடுதாசிகளைத் தூக்கப் போனாள். தூக்கினவள் அப்படியே நின்றாள். பெட்டியின் பக்கத்தைப் பார்த்தபடி நின்றாள். எங்கள் பெட்டி எல்லாவற்றிலும் ஊர்ப் பெயர் பெரிதாக ஆங்கிலத்தில் அடித்திருக்கும், மஞ்சள் எழுத்தில். அது பெட்டியில் இருக்கிறது என்பதையே நாங்கள் மறந்துபோனோம். தோளில் இருக்கிற சாமானை ஆர் வாசிக்கிறது.

“அக்கா… இது என்ன எழுத்து?”

“ஊர்ப் பேர். மயிலிட்டி.”

“இல்ல, நடுவுல. இந்த ‘இட்டி’க்கு. டி-டின்னு… டாக்டர்க்குப் போடுற டி போட்டிருக்கே.”

“அதுதானே டீ,” என்றாள் வாசலில் நின்ற ஜெயனி. “வேறை என்ன போடுறது?”

“எங்க ஊர்ல டீக்கடைக்குப் போடுற டீ போடுவோம்! பட்டி, தொட்டி, எல்லாத்துக்கும் அதுதான்! குரூப்ப எடுக்கறப்ப எழுத்தப் பாக்கவே இல்ல!”

“எடியே, அது ரீ!” ஜெயனி தலையில் கை வைத்தாள். “ரீ குடிக்கிற ரீ! சிவரூபன் அண்ணை ரீ இல்லை ரீ இல்லை எண்டு கத்தினவர் அதுக்குத்தான்!”

“அவரு ‘ரீ’ன்னா நான் ஆர்-ங்கிற எழுத்துன்னு நெனச்சேன்!”

“டீயெண்டு சொன்னவர்தானே!”

“நானும் டீன்னுதான சொன்னேன்!”

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். எனக்கு முழுக்க விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் இப்படித்தான் விளங்கிக்கொண்டேன். ஒரே ‘ட்ட’. வாயால் சொன்னால் அங்கேயும் இங்கேயும் கொட்டில்தான். ஆங்கிலத்தில் எழுதும்போது அவர்கள் ஊர் ஒரு எழுத்தைப் பிடிக்கிறது, எங்கள் ஊர் வேறொன்றைப் பிடிக்கிறது. அவர்கள் பிடிக்கிற எழுத்துக்கு அவர்கள் வைத்த பெயரும் டீ, நாங்கள் பிடிக்கிற எழுத்துக்கு நாங்கள் வைத்த பெயரும் டீ. அவர்களுடைய டீயை நாங்கள் ரீ என்போம். போனில் இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லி, இரண்டு பேரும் சரி என்று நினைத்து, இடையில் எங்கள் கொட்டில் பூட்டிக் கிடந்தது.

நிரோஜா கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே அடித்தாள். ஒரு எழுத்து, ஒரு எழுத்தாக. கடைசியில் ஒரு அமத்து.

பெயருக்குக் கீழே ஒரு கோடு விழுந்தது.

“வந்துருச்சு! அக்கா, வந்துருச்சு!”

“எழுத விடு முதல். பேந்து துள்ளு.”

சரி போட்டாள். பார்க்கலாம், எழுதலாம். பிறகு என் பக்கம் திரும்பினாள். இப்போது அவள் முகத்தில் அழுகை இல்லை. வேலை செய்கிற முகம்.

“அக்கா, கந்தோர் குரூப்புக்கு இதுல எழுதவும் உரிமை இருக்கு. அப்படியே விடவா?”

“கூட்டத்திலை என்ன தீர்மானம், தலைவர்?”

தம்பிராசா அண்ணை காலைத் தண்ணீரில் இருந்து தூக்கிக் கதிரையின் கம்பியில் வைத்துக்கொண்டு இருந்தார். “லேபல் கொட்டில் பொறுப்பு எண்டு…”

“அப்ப கந்தோர் பாக்கட்டும். எழுதத் தேவையில்லை.”

“தலைவருக்கே ஏலாதோ?”

“தலைவருக்குப் பாக்கிறதுதானே வேலை, அண்ணை. எழுதிக் கை நோக ஏன்?”

அவர் சிரித்துவிட்டார். சிரித்தால் அவர் சம்மதம். நிரோஜா ஒரு சரியை எடுத்தாள்.

“கரை குரூப்பு?” என்று கேட்டாள். கேட்கும்போது வாசல் பக்கம் பார்க்கவில்லை. “இதுல மறுப்பு-ன்னும் ஒரு பெட்டி இருக்குக்கா. அதுல டிக் பண்ணினா என்ன செஞ்சாலும் அவங்களால திறக்க முடியாது. போடவா?”

வாசலில் நின்ற தியாகலிங்கம் கழுத்தை நீட்டினார்.

நான் யோசித்தேன். போடச் சொல்ல ஆசைதான், பொய் சொல்லக் கூடாது. போன மாரி நண்டெல்லாம் கண்ணுக்குள் வந்தது. ஆனால் நாளைக்குக் கரை மிசினிலும் எங்கள் பெண் ஒருத்தி இருக்கலாம். உரிமை கதிரைக்குத்தானே.

“வேண்டாம். குடுக்காமல் விட்டால் காணும். ஒருத்தரையும் மறிச்சு வைக்கத் தேவையில்லை.”

ஜெயனி அதற்குள் கொட்டிலுக்கு ஓடிவிட்டாள். நான் என் நண்டுப் பெட்டியைத் தூக்கினேன். தூக்கும்போது இடுப்பு பிடித்தது. நிரோஜா மறுபக்கம் பிடித்தாள். படித்த பிள்ளை, கந்தோர்ச் சேலை, ஐஸ் தண்ணீர் அந்தச் சேலையில் முழங்கால் வரை. இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போனோம். வாசலில் தியாகலிங்கம் விலகி வழிவிட்டார். சப்பாத்தில் கொஞ்சம் தண்ணீர் தெறித்தது. வேண்டுமென்று இல்லை.

கொட்டிலில் பிறின்ரர் ஏற்கெனவே இரைந்துகொண்டு இருந்தது. ஜெயனி அடிக்க அடிக்க லேபல் வந்தது. ஒருத்தி உரித்தாள், ஒருத்தி பெட்டியைத் துடைத்தாள், ஒருத்தி ஒட்டினாள். ஈரத்தில் ஒட்டாது என்று தெரியும், அதனால் என் சேலைத் தலைப்பால் துடைத்தேன். கை போன வேகத்தில் கதைக்க மூச்சு இல்லை. றோய் மூன்றாம் தரம் ஹோனில் கை வைத்தான், நாங்கள் முதல் பெட்டியை லொறிக்குள் தள்ளினோம், கையை எடுத்தான்.

“அக்காமார், இப்பிடி வேலை செய்யிற நீங்கள் இவ்வளவு நேரம் என்ன செய்தனீங்கள்?” என்றான்.

“உனக்குத் தேத்தண்ணி போட்டனாங்கள்,” என்றாள் ஜெயனி. “ரெண்டு டீ. எழுத்துப் பிழைச்சுப் போச்சு.”

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் சிரித்த சிரிப்பில் ஒருத்தி பெட்டியை விட்டிருப்பாள்.

கடைசிப் பெட்டி ஏறினபோது தலைவர் வந்து நின்று ஒவ்வொரு லேபலாகப் பார்த்தார். எழுதுகிற உரிமை போனவர், பார்க்கிற உரிமையை வடிவாகப் பாவித்தார். அடைத்த இடம் என்று இருந்த இடத்தில் கொட்டில் என்று அடித்திருந்தது. அதில் விரலை வைத்தார். பிறகு லொறியின் கதவைத் தானே சாத்தி, கொழுக்கியைப் போட்டு, பக்கத்தில் தட்டினார்.

“போ தம்பி. நேரம் இருக்கு.”

லொறி போனது. நேரத்துக்குத்தான் போனது. தலைவர் என்னிடம் திரும்பினார்.

“அப்ப மலர், நாளையிலையிருந்து கொட்டில் உங்கடை பொறுப்பு. தீர்மானப்படி.”

“ஓம்,” என்றேன். சொன்னதைச் செய்தோம், சொன்னதை அவர்கள் செய்கிறார்கள். பெண்கள் ஐஸ் பெட்டிகளில் அப்படியே குந்திவிட்டார்கள். நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். குந்தினால் எழும்பமாட்டேன் என்று தெரியும்.

சிவரூபன் பின்னேரம் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான். கதையைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டான். “குறூப் பேரை மாத்திவிடுறன் அக்கா, தமிழிலையே போடுறன், இனிப் பிழைக்காது,” என்றான். நிரோஜா விடவில்லை. “வேணாம் அண்ணா. இப்ப எனக்குத் தெரியும். மாத்தினா மறுபடி எல்லாத்தையும் நான் தேடணும்,” என்றாள். அண்ணை என்று சொல்லு என்றான் அவன். இரண்டு பேரும் அதைப் பற்றித் தர்க்கப்பட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனார்கள்.

வீட்டுக்கு வெளிக்கிட முதல் தரை கழுவிக்கொண்டு இருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. தியாகலிங்கம்.

“மலர், நான் ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக் கூடாது.”

“கேளுங்கோ.”

“எழுத வேண்டாம். அது உங்கடை. ஆனால் பாக்கவாவது விடலாமே? எந்த வள்ளம் எவ்வளவு நண்டு எண்டு தெரிஞ்சால் எனக்கும் தொழிலுக்கு உதவி. சங்கத்திலை நானும் ஒரு அங்கத்தவன்தானே.”

அவர் கேட்ட விதத்தில் பகிடி இல்லை. இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தரம். மற்ற நேரம் எல்லாம் சொல்லுவார், இல்லாவிட்டால் எடுப்பார். கேட்கிற ஆளுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

“மிசினிலை திறந்துவிடுறதை நான் தனியச் சொல்லேலாது. பெண்களைக் கேக்கவேணும்,” என்றேன். “அதுவரைக்கும் நண்டைப் பாக்கிறதெண்டால் கொட்டிலுக்கு வாங்கோ. கதவு திறந்துதான் கிடக்கும். ஆனால் உள்ளுக்கு வரேக்கை சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, காலைக் கழுவிப்போட்டு வாங்கோ. கொம்பனிச் சட்டம்.”

அவர் கீழே குனிந்து தன் காலைப் பார்த்தார். நான் தண்ணீர்க் குழாயை அவர் பக்கம் நீட்டினேன்.